அதிபர் ஏறின படகு, விலைக்கு வருது!

1964 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லி ஒரு பழைய படகு வாங்கினார். விலை 55,000 டாலர். நீளம் 165 அடி. கலிஃபோர்னியாவில் லாங் பீச் துறைமுகத்தில் பெயின்ட் உரிந்து நின்றுகொண்டிருந்த அதை வாங்கி அவர் எங்கும் ஓட்டவில்லை, அதில் ஏறி ஒரு பாட்டும் பாடவில்லை, படமும் எடுக்கவில்லை. வைத்துக்கொள்கிற உத்தேசமே இல்லை. பிறகு எதற்கு வாங்கினார் என்றால், அதற்கு முன் அதில் உட்கார்ந்தவர் யார் என்பதற்காக.

நம்மூரில் பழைய கார் விற்கிறவர்களிடம் ஒரு மந்திரம் உண்டு. "டாக்டர் வச்சிருந்த வண்டி சார். வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தான் போச்சு." அந்த டாக்டர் யார், அவருக்கு என்ன அவசரம், ஏன் விற்றார் என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் சைலன்ஸர் ஓட்டை கண்ணுக்கு மறைந்துவிடும். அமெரிக்காவில் பழைய படகு விற்றவர்களிடம் இதைவிட வீரியமான மந்திரம் ஒன்று இருந்தது: இது அதிபர் ஏறின படகு. அந்த ஒரு வரியை நம்பிப் பணத்தைத் தண்ணீரில் போட்டவர்களின் வரிசை நீளமானது. எல்விஸ் அதில் கொஞ்சம் சாமர்த்தியசாலி. இரண்டு வாரத்தில் வெளியே வந்துவிட்டார்.

படகின் பெயர் பொடோமக். பிறந்தபோது வைத்த பெயர் அதுவல்ல. விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக் கப்பல் தளத்தில் கட்டி 1934-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் சேர்த்தபோது அது எலெக்ட்ரா. அந்த ரகப் படகுகள் வடிவமைக்கப்பட்டதே கள்ளச் சாராயக் கடத்தல்காரர்களை விரட்டிப் பிடிக்கத்தான். மதுவிலக்குக் காலம், ரம் பீப்பாய்களோடு இருட்டில் கரையை நெருங்கும் படகுகளைத் துரத்த அரசுக்கு வேகமான இரும்புப் படகுகள் வேண்டியிருந்தன. திட்டம் போட்டு, வரைபடம் போட்டு, டெண்டர் விட்டு, கட்டி முடிப்பதற்குள் 1933 டிசம்பரில் மதுவிலக்கே போய்விட்டது. சர்க்கார் வேலை எந்தத் தேசத்திலும் சர்க்கார் வேலைதான். திருடனைப் பிடிக்கத் தயாராகி வந்து நின்றால், திருடன் லைசென்ஸ் எடுத்துக் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறான்.

மதுவிலக்கை முடித்துவைத்த ஆட்சி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுடையது. வேலையில்லாமல் நின்ற எலெக்ட்ராவைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டவரும் அவரே. சாராயம் பிடிக்க வந்த படகின் பின்தளத்தில் மெத்தை போட்டு உட்கார்ந்து, மாலை ஆனதும் தன் கையாலேயே மார்ட்டினி கலக்குவது அவருக்குப் பிரியமான காரியம். சுமாராகத்தான் கலக்குவார் என்பது குடித்தவர்களின் அபிப்பிராயம். அதிபர் கலக்கியதை யார் கொட்டுவது?

எலெக்ட்ரா அதிபரிடம் வந்ததற்கு இன்னொரு படகு காரணம். அதன் பெயர் செக்வோயா. அதுவும் செகண்ட் ஹேண்ட்தான்.

செக்வோயா 104 அடி மரப் படகு. 1925-இல் நியூ ஜெர்சியின் கேம்டனில் மாத்திஸ் கம்பெனி கட்டியது. வடிவமைத்தவர் ஜான் டிரம்பி. கருவேலம் போன்ற உறுதியுள்ள ஓக் சட்டம், பைன் பலகை உடம்பு, மேலே தேக்கும் மஹோகனியும். முதல் சொந்தக்காரி எமிலி ரோப்ளிங் கேட்வாலடர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங்கின் பேத்தி. விலை இரண்டு லட்சம் டாலர் என்கிறார்கள். தாத்தா தண்ணீரைத் தாண்டப் பாலம் கட்டிச் சம்பாதித்ததைப் பேத்தி தண்ணீரிலேயே விட்டார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அம்மாளுக்கு இது சீக்கிரமே சின்னதாகிவிட்டது. விற்றுவிட்டு வேறு வாங்கினார், அதையும் விற்றார். கடைசியாக 1931-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சவரோனா என்று ஒரு படகு கட்டினார். படகு என்று சொல்வது மரியாதைக் குறைவு; 130 மீட்டருக்கு மேல் நீளமான அரண்மனை. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் இறக்குமதி வரி கட்ட வேண்டும் என்றார்கள். அம்மாள் கொண்டுவரவே இல்லை. மொத்தப் படகுக்கும் காசு கொடுக்க மனசு வந்தது, வரிக்கு வரவில்லை. 1938-இல் துருக்கி அரசு அதை வாங்கித் தன் அதிபர் அட்டாடர்க்குக்குக் கொடுத்தது. அவர் அப்போது ஈரல் நோயில் படுத்திருந்தார். ஆறு வாரம்தான் அதில் இருந்தார்; நவம்பரில் காலமானார். ஆக, தான் சலித்துப்போட்ட படகுகளை இரண்டு தேசத்து அதிபர்களின் தலையில் கட்டிய பெருமை ஒரே பெண்மணிக்கு உண்டு. தரகு வியாபாரத்தில் இறங்கியிருந்தால் எங்கோ போயிருப்பார்.

செக்வோயா நடுவில் ஓர் எண்ணெய் கம்பெனிக்காரரிடம் இருந்துவிட்டு 1931-இல் அமெரிக்க வணிகத்துறைக்கு வந்தது. எதற்கு? அதே கள்ளச் சாராயம் பிடிக்க. பணக்காரர் உல்லாசப் படகு மாதிரி இருப்பதால் கடத்தல்காரர்களுக்குச் சந்தேகம் வராது என்பது கணக்கு. கடத்தல்காரர்களை அது எந்த அளவுக்கு ஏமாற்றியதோ, அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் அதில் ஏறி மீன் பிடிக்கப் போக ஆரம்பித்தார். இதே ஹூவர்தான் 1929-இல் பதவிக்கு வந்த கையோடு, வீண் செலவு என்று சொல்லி மேஃப்ளவர் என்ற அதிபர் கப்பலை ஒழித்துக்கட்டியவர். தன் பெயரில் இருந்த கப்பலை நிறுத்திவிட்டு இன்னொரு துறையின் பெயரில் இருந்த படகில் ஏறிக்கொள்வதற்கு அரசாங்க பாஷையில் சிக்கனம் என்று பெயர். 1932-இல், தேசம் பூராவும் ரொட்டிக்கு வரிசையில் நின்ற சமயம், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இந்தப் படகின் படத்தையே போட்டு அனுப்பினார். தேர்தலில் அதற்கு முந்தைய மாதமே தோற்றிருந்தார் என்பதால் பெரிய நஷ்டமில்லை.

பின்னால் வந்த ரூஸ்வெல்ட்டுக்குச் செக்வோயா பிடித்திருந்தது, ஒரே ஒரு பயத்தைத் தவிர. போலியோவால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். மரப் படகு தீப்பிடித்தால் எல்லோரும் ஓடுவார்கள், அவர் எப்படி ஓடுவார்? நெருப்பு அவருக்கு வாழ்நாள் பயம். அதனால்தான் 1936-இல் இரும்பு எலெக்ட்ராவைப் பொடோமக் என்று பெயர் மாற்றிக் கடற்படை கையில் எடுத்துக்கொண்டது. அப்போது செய்த மாற்றங்களில் ஒன்று ரசமானது. படகுக்கு நிஜமான புகைபோக்கி ஒன்றே போதும். ஆனால் இரண்டு வைத்தார்கள். பின்னால் இருந்தது போலி. உள்ளே புகை கிடையாது. ஒரு லிஃப்ட் இருந்தது. கரண்ட் லிஃப்ட் இல்லை, கயிறும் கப்பியும். கரண்ட் போனால் நடுவில் மாட்டிக்கொள்வோம் என்பதால் அப்படி. சக்கர நாற்காலியில் இருந்தபடி ரூஸ்வெல்ட் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தன்னைத் தானே மேல்தளத்துக்கு ஏற்றிக்கொள்வார். உதவிக்கு யாரும் வரக்கூடாது. கரையிலிருந்து பார்ப்பவனுக்குப் புகைபோக்கி மட்டும் தெரியும். உலகத்தின் பெரிய பதவியில் இருந்தவர் ஒரு பொய்ப் புகைபோக்கிக்குள் கயிறு பிடித்து ஏறிக்கொண்டிருப்பது தெரியாது.

இந்த ஜோடனைகள் ஏறியதில் படகுக்குத் தலை கனத்துவிட்டது. ஆற்றில் சாதுவாகப் போகும். கடலில் விட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆட ஆரம்பித்துவிடும். விருந்தாளிகள் பலருக்கு வயிறு வாய்க்கு வந்தது. ரூஸ்வெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அவர் பாட்டுக்குத் தபால்தலை ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1939 ஜூனில் இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜும் ராணி எலிசபெத்தும் வந்தபோது இதில் ஏற்றித்தான் ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டுக்கு ஆற்று வழியே கூட்டிப்போனார். ராஜாவிடம் சண்டை போட்டுத் தேசத்தைப் பிடுங்கிக்கொண்ட மனிதரின் சமாதிக்கு அந்த ராஜாவின் வாரிசையே மலர்வளையத்தோடு கூட்டிப்போகிற நகைச்சுவை உணர்ச்சி ரூஸ்வெல்ட்டுக்கு உண்டு.

பொடோமக் செய்த மகத்தான சேவை என்னவென்றால், ரூஸ்வெல்ட் இல்லாமல் போனது. 1941 ஆகஸ்ட் 3-ஆம் தேதி கனெக்டிகட்டின் நியூ லண்டனில் அவர் இதில் ஏறினார். பத்திரிகைக்காரர்களிடம், கொஞ்சம் மீன் பிடிக்கப் போகிறேன் என்றார். உலகமே பற்றி எரியும்போது மீனா என்று யாரும் கேட்கவில்லை. அவர் அடிக்கடி போகிறவர்தான். மறுநாள் நார்வே இளவரசி மார்த்தாவோடு தூண்டில் போட்டார். நாலு பேர் கண்ணில் படும்படி போட்டார். இருட்டியதும் படகு நகர்ந்து, மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே காத்திருந்த போர்க்கப்பல்களிடம் போனது. விடிந்ததும் அதிபர் அகஸ்டா என்ற கப்பலுக்கு மாறி வடக்கே நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய்விட்டார். அங்கே அவரைப் பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டி வந்துகொண்டிருந்தவர் இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சில்.

இங்கே பொடோமக் என்ன செய்தது? அதிபர் கொடியை இறக்காமல், ஒன்றுமே நடக்காததுபோலக் கேப் காட் கால்வாய்க்குள் நுழைந்தது. தளத்தில் அதிபர் மாதிரியும் கூட வந்தவர்கள் மாதிரியும் உடுத்திய ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கரையில் நின்ற ஜனம் கை அசைத்தது, இவர்களும் அசைத்தார்கள். அதிபர் நலம், மீன் பிடிப்பு நன்றாக நடக்கிறது என்ற தோரணையில் செய்தியும் போயிற்று. அந்த வாரம் கால்வாய்க் கரையிலிருந்து வீடு திரும்பிய எத்தனையோ பேர் சாகும்வரை, நான் ரூஸ்வெல்ட்டை நேரில் பார்த்தேன், எனக்குக் கை காட்டினார் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் நியூஃபவுண்ட்லாந்தில் சேர்ந்து எழுதி ஆகஸ்ட் 14-ஆம் தேதி வெளியானதுதான் அட்லாண்டிக் சாசனம். சரித்திரப் புத்தகத்தில் அகஸ்டாவுக்கு ஓர் இடமும், சர்ச்சில் வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலுக்கு ஓர் இடமும் கொடுத்திருக்கிறார்கள். டூப் போட்டவனுக்கு எந்தப் படத்தில்தான் பெயர் போட்டார்கள்?

1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார். அடுத்து வந்த ட்ரூமன் பொடோமக்கைச் சீந்தவில்லை; வில்லியம்ஸ்பர்க் என்ற பெரிய படகு அவருக்குத் தோதாக இருந்தது. அதுவும் ஒரு காகித ஆலை முதலாளியிடமிருந்து கடற்படை வாங்கிய பழைய படகுதான். புதுசாகப் படகு வாங்கும் பழக்கமே வெள்ளை மாளிகைக்கு இல்லை போலிருக்கிறது. அதில் அவர் போக்கர் ஆடினார். அடுத்து வந்த ஐசன்ஹவர் ஒரே ஒரு முறை போய்வந்து, 1953-இல் அதை ஓரங்கட்டினார். பிறகு வில்லியம்ஸ்பர்க் ஆன்டன் புரூன் என்று பெயர் மாறி ஆராய்ச்சிக் கப்பலாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. 1963-இல் நம்முடைய வங்காள விரிகுடாவிலும் வலை வீசி மீனும் மிதவையுயிரும் எண்ணிப் பார்த்தது. ட்ரூமன் சீட்டு விளையாடிய இடத்தில் யாரோ ஒரு விஞ்ஞானி நெத்திலியை ஃபார்மலினில் போட்டிருப்பார். இந்தக் கதையில் உருப்படியாக ஏதாவது செய்த படகு இது ஒன்றுதான். கடைசியில் இத்தாலியில் துருப்பிடித்து உடைபட்டது.

பொடோமக்கை மேரிலாந்து மாநிலத்தின் மீன்வள ஆணையம் வாங்கியது. அதிபர் மீன் பிடித்த படகு, மீன் பிடிக்கிறவர்களைக் கண்காணிக்கும் படகாகி 1960 வரை ஓடியது. பிறகு தனியார் கைக்குப் போனது. வாங்கிய ஒவ்வொருவரிடமும் ஒரு திட்டம் இருந்தது, யாரிடமும் போதுமான பணம் இல்லை. கைமாறிக் கைமாறி மேற்குக் கரைக்கு வந்து லாங் பீச்சில் நின்றுவிட்டது. 1964-இல் ஏலம். அங்கேதான் நம் எல்விஸ்.

எல்விஸ் என்று சொன்னால் கர்னல் டாம் பார்க்கர் என்று படிக்க வேண்டும். எல்விஸின் மேனேஜர். இந்தக் கர்னல் எந்தப் படைக்கும் தலைமை தாங்கியவர் அல்ல. லூயிசியானா கவர்னர் கௌரவத்துக்குக் கொடுத்த பட்டம். டாம் பார்க்கரும் அல்ல. ஹாலந்தில் பிறந்து கள்ளத்தனமாக அமெரிக்காவுக்குள் வந்த ஆண்ட்ரியாஸ் வான் கைக். திருவிழாப் பொட்டலில் வித்தை காட்டும் கூட்டத்தில் தொழில் கற்றவர். பெயர் மாற்றி, கொடி மாற்றி, பொய்ப் புகைபோக்கி வைத்த படகுக்கு இவரைவிடப் பொருத்தமான தரகர் கிடைக்க மாட்டார். காலமும் கெட்டிருந்தது. அந்த பிப்ரவரி 7-ஆம் தேதிதான் பீட்டில்ஸ் நியூயார்க்கில் இறங்கினார்கள். எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்கள் பாடுவதற்கு முன், எல்விஸும் கர்னலும் வாழ்த்தி அனுப்பிய தந்தியைப் படித்தார்கள். தந்தி அடித்த கையோடு பத்திரிகையில் நம் பெயரும் வர வேண்டுமே என்று ஒரு மேனேஜர் கவலைப்பட்டிருந்தால் தப்பில்லை.

யோசனை அருமையான யோசனை. படகை வாங்கி மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்புக்குத் தானம் கொடுப்பது. போலியோவை ஒழிக்க ரூஸ்வெல்ட் 1938-இல் தொடங்கிய அமைப்பு அது. ஜனங்கள் ஆளுக்குப் பத்து சென்ட் நாணயம் என்று வெள்ளை மாளிகைக்குத் தபாலில் அனுப்பிக் குவித்தார்கள். ரூஸ்வெல்ட் இறந்த மறுவருஷமே அந்த நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தார்கள். எல்விஸுக்கும் அந்த அமைப்போடு பழக்கம் உண்டு. 1956-இல் பையன்கள் போலியோ ஊசிக்குப் பயந்து ஓடியபோது, கேமராக்களுக்கு முன்னால் சட்டைக் கையைச் சுருட்டி ஊசி போட்டுக்கொண்டு காட்டியவர் அவர். ஆக, ரூஸ்வெல்ட்டின் படகு, ரூஸ்வெல்ட்டின் அமைப்பு, நடுவில் எல்விஸ். இதைவிடப் பொருத்தமான தானம் உண்டா?

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். அவர்கள் பல்லைப் பிடித்தே பார்த்துவிட்டார்கள். 165 அடி இரும்புப் படகு சும்மா நின்றாலே துறைமுக வாடகை, காவல், துரு சுரண்டல், அடிப்பாகப் பெயின்ட் என்று மாதாமாதம் கறக்கும். பத்து சென்ட் பத்து சென்ட்டாகச் சேர்த்த பணம் அது. நிறுவனரே மேலிருந்து வந்து சிபாரிசு செய்திருந்தாலும் கணக்குப்பிள்ளை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். பழைய படகு வியாபாரத்தின் இந்த நெடுங்கதையில் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே தரப்பு என்று அந்தப் பெயர் தெரியாத கணக்குப்பிள்ளையைத்தான் சொல்வேன்.

அப்புறம் மெம்ஃபிஸில் குழந்தைகளுக்கான செயின்ட் ஜூட் மருத்துவமனை கை கொடுத்தது. நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் தொடங்கியது. எல்விஸுக்குச் சொந்த ஊர் ஆஸ்பத்திரி. பிப்ரவரி நடுவில் லாங் பீச்சில் விழா. போட்டோக்காரர்கள் வருகிறார்கள், படகோ பார்க்கச் சகிக்கவில்லை. முழுக்கப் பெயின்ட் அடிக்க நேரமோ மனசோ இல்லாத கர்னல், கேமரா பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் அடிக்கச் சொன்னார் என்று ஒரு கதை இன்றைக்கும் அந்தப் படகைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் உலவுகிறது. கர்னலைப் பற்றித் தெரிந்த யாரும் இதை மறுக்க மெனக்கெட்டதில்லை. டேனி தாமஸ் சிரித்தார், எல்விஸ் சிரித்தார், படகு ஒரு பக்கமாகச் சிரித்தது. ஆஸ்பத்திரி அதை விற்றுக் காசாக்கிக்கொண்டது. குழந்தைகளுக்கு மருந்து வாங்கியிருப்பார்கள். அந்த மட்டில் கர்னலுக்குப் புண்ணியம்.

பொடோமக்கின் வம்சாவளி இதற்குப் பின்னால்தான் சுவாரசியமாகிறது. எழுபதுகளில் அது யார் யார் கையிலோ புரண்டது. 1980-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சுங்கத்துறை வந்து பிடித்தது. எதற்கு? போதைப்பொருள் கடத்தல் கும்பல் ஒன்று இந்தப் படகை முகமூடியாக வைத்துக் கஞ்சா வியாபாரம் செய்துகொண்டிருந்தது. கடத்தல்காரனைப் பிடிக்கப் பிறந்த ஜாதகம், நாற்பத்தாறு வருஷம் கழித்துக் கடத்தல் கேஸில் குற்றவாளிக் கூண்டில் நின்றது. உடன் பிறந்த ரகத்துப் படகுகள் பார்த்திருந்தால் வெட்கத்தில் மூழ்கியிருக்கும். மூழ்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு வரவில்லை, இதுவே மூழ்கிக் காட்டியது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் டிரெஷர் ஐலண்டுக்கு இழுத்துப்போய்க் கட்டி வைத்தார்கள். அடியில் இருந்த கட்டைத்தூண் ஒன்று உடம்பைக் குத்தியது. ராஜா ராணி உட்கார்ந்த இருக்கையோடு படகு அடிமட்டத்துக்குப் போனது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துக் கடற்படை அதைத் தூக்கியெடுத்தது.

சேறு வழிய நின்ற அதை ஏலத்தில் விட்டார்கள். ஓக்லாண்ட் துறைமுக நிர்வாகம் 15,000 டாலருக்கு எடுத்தது. எல்விஸ் கொடுத்ததில் கால்வாசியைவிடக் கொஞ்சம் கூட. மலிவு என்று சொல்லலாம். பிறகு பன்னிரண்டு வருஷம் கொத்தி, வெட்டி, பற்றவைத்து, பெயின்ட் அடித்து (இந்தத் தடவை இரண்டு பக்கமும்) முடித்தபோது ஆன செலவு ஐம்பது லட்சம் டாலர். வாங்கின விலையைப்போல முந்நூறு மடங்குக்கு மேல். ஒரு பொருளை இனாமாகக் கொடுத்தால்கூட யாராவது ஒருவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நல்லது என்று அந்த மார்ச் ஆஃப் டைம்ஸ் கணக்குப்பிள்ளை எங்கோ உட்கார்ந்து தலையாட்டியிருப்பார். 1995 முதல் பொடோமக் ஓக்லாண்டில் ஜனங்களை ஏற்றிக்கொள்கிறது. பொய்ப் புகைபோக்கியும் அப்படியே இருக்கிறது.

சரி, தீக்குப் பயந்து ரூஸ்வெல்ட் விட்டுப்போன மரப் படகு செக்வோயா? அது எரியவே இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அடுத்தடுத்து வந்த அதிபர்களும் மந்திரிகளும் அதில் ஏறினார்கள். கென்னடி தன் கடைசிப் பிறந்த நாளை, 1963 மே 29-ஆம் தேதி, மழைக்கு நடுவே அதில் கொண்டாடினார். அடுத்து வந்த லிண்டன் ஜான்சன் ஆறேகால் அடி ஆள். குளியலறையில் தலை இடிக்கிறது என்று ஷவர் தரையைத் தாழ்த்தினார். ரூஸ்வெல்ட்டுக்காக இதிலும் வைத்திருந்த லிஃப்டைக் கழற்றி அந்த இடத்தில் பார் வைத்தார். சாராயம் பிடிக்க அரசு வாங்கிய படகு என்பதை அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னார்கள். 1973-இல் நிக்ஸன் இதில் சோவியத் தலைவர் பிரெஷ்நேவை ஏற்றி ஊர்வலம் விட்டார். 1974 ஆகஸ்ட் 5-ஆம் தேதி சாயங்காலம், ராஜினாமாவுக்கு நாலு நாள் முன்னால், குடும்பத்தோடு இதில்தான் ஆற்றில் சுற்றினார். வாட்டர்கேட் ஊழலில் தன் ஆட்டம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துபோன நாள்.

1977-இல் ஜிம்மி கார்ட்டர் வந்தார். தன் பெட்டியைத் தானே தூக்குகிற மனிதர். படகு எதற்கு என்று விற்றார். 2,86,000 டாலர். மக்கள் கைதட்டினார்கள். அப்போது ஆரம்பித்தது செக்வோயாவின் ஏழரை. சில கை மாறியது. எண்பதுகளில் ஒரு டிரஸ்ட் கிளம்பி, இதை மீட்டுப் புதுப்பித்து அதிபருக்கே திருப்பிக் கொடுப்போம் என்றது. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி நன்கொடை கேட்டார்கள். வசூல் ஒரு பக்கம், கடன் அதைவிட வேகமாக இன்னொரு பக்கம். கடைசியில் விர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் ரிப்பேர் பண்ணிய பட்டறைக்காரர்கள், காசை வைத்துவிட்டுப் படகை எடுத்துக்கொள் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதிபர்கள் ஏறின படகாயிற்றே என்று பட்டறைக்காரன் பார்க்க மாட்டான். அவனுக்கு எல்லாம் பில்தான்.

2000-ஆம் ஆண்டு அதிபர்களின் பழைய சாமான்களைச் சேகரிக்கும் வக்கீல் ஒருவர் ஏறக்குறைய இருபது லட்சம் டாலர் கொடுத்து மீட்டார். விருந்துக்கு வாடகைக்கு விட்டார். மரப் படகு வாடகைப் பணத்தைத் தின்றுவிட்டு மேலும் கேட்டது. இந்த ரகப் படகை வாங்க வருகிற அனுபவஸ்தன் கையில் சின்னச் சுத்தியல் இருக்கும். பலகையை ஓரமாகத் தட்டிக்கொண்டே போவான். கணீர் என்றால் மரம் நன்றாக இருக்கிறது. தொப் என்றால் உள்ளே ஒன்றுமில்லை, பெயின்ட்தான் பலகையாக நிற்கிறது. ஆணிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துவான், கேக்கில் போவதுபோல் போகும். அதிபர் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டினால் அவன் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்ப்பான்.

2012-இல் அந்த வக்கீல், புதுப்பிக்கிறேன் என்று ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கடன் வாங்கினார். கடன் பத்திரத்திலேயே ஒரு ஷரத்து: தவறினால் படகை நாங்களே 78 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்வோம், அதில் இன்னின்ன கழிவுகள் உண்டு. படகின் பத்திரம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் உயிர். தகராறு முற்றி டெலவேர் சான்சரி நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்த வருஷங்களில் செக்வோயா விர்ஜீனியாவில் செசபீக் வளைகுடா ஓரம், மூடும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு படகுப் பட்டறையில், தன் கனத்துக்குப் போதாத தொட்டிலில் கரையேறிக் கிடந்தது. தண்ணீரில் ஊறியிருக்க வேண்டிய மரம் காற்றில் காய்ந்து இணைப்புகள் விட்டன. உள்ளே ரக்கூன்கள் குடியேறின. பிரெஷ்நேவ் உட்கார்ந்த இடத்தில் அவை குடும்பம் நடத்தின. கழிப்பறைக்கும் தனியாக இடம் தேடவில்லை. நீதிபதி சாம் கிளாஸ்காக் தீர்ப்பின் தொடக்கத்திலேயே ரக்கூன்களைக் குறிப்பிட்டிருக்கிறார். வாடகை கொடுக்காமல் குடியிருந்தவர்களில் தீர்ப்பில் இடம்பெறும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

2016 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கழிவுகளையெல்லாம் கழித்துப் பார்த்தார் நீதிபதி. ரிப்பேர் செலவு, கெட்டுப்போனதற்கு ஈடு, இன்னும் இதர வகை. 78 லட்சம் கரைந்து கரைந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. கடன் கொடுத்த நிறுவனம் செக்வோயாவை என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டப்படி தீர்மானித்து எழுதினார்: பூஜ்யம் டாலர்.

மூன்று வருஷம் கழித்து 2019-இல் அதை ஒரு தட்டைப் படகில் தூக்கி வைத்துக் கடல் வழியே வடக்கே மெயின் மாநிலத்து பெல்ஃபாஸ்ட்டுக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோனார்கள். தூக்கிய கிரேன்காரரும் சுமந்த தட்டைப் படகுக்காரரும் கூலி வாங்கிக்கொண்டார்கள். அது பூஜ்யம் இல்லை.